குடற்பிணியும் தொலை வைத்தியமும்

மானிடர்க்கு உறும் நோய்களை இருவகையாகப் பகுத்துக்கொள்ளலாம். ஒருவகை, விருந்தினரைப்போல வந்து போவது. காய்ச்சல் காண்கின்றது; வைத்தியரை நாடுகின்றோம்; அவர் தரும் மருந்தை உண்கின்றோம்; பத்து நாளில் எழுந்து நடமாடுகின்றோம். மற்றொருவகை, வந்த வீட்டிலேயே குடியேறிவிடுவது. அது ஒருகால் அடங்கிக் கிடக்கும், ஒருகால் கிளர்ந்தெழும், ஆயின் முற்றும் நீங்குவதில்லை. முதல்வகை நோய்க்கு வைத்தியர் நோயாளியின் படுக்கையருகே இருந்து தொடக்கமும் முடிவும் காண்கின்றார். இரண்டாம் வகையிலோ, மூன்று திங்களுக்கொருமுறை நோயாளி ஆஸ்பத்திரிக்குச் செல்வதாகக் கொண்டாலும், ஆண்டில் நான்கு நாட்களே வைத்தியர் கண்ணுக்குப் புலனாகின்றன. எஞ்சிய 361 நாட்களில் நோய் என்ன செய்தது என்பதை அவர் யாரைக் கேட்டு அறிவார்? நோயாளியைக் கேட்டே அறிதல் வேண்டும். நோயாளி எதனைக் கொண்டு விடையிறுப்பான்? தன் நினைவைக் கொண்டே விடையிறுத்தல் வேண்டும். அந்நினைவு எத்துணை நம்பத்தக்கது என்பதும், அதனினும் சிறந்த சாட்சி கிடைக்குமா என்பதுமே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த விஷயமாகும்.

நாம் எடுத்துக்கொண்ட உதாரணம் குடலைப் பற்றும் இரு நெடும்பிணிகள். ஒன்று பெருங்குடற் புண்ணழற்சி; 1859-ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் சாமுவேல் வில்க்ஸ் என்பவர் இதனைப் பெயரிட்டு எழுதினார். மற்றொன்று கிரோன் பிணி. 1932-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியைச் சார்ந்த பர்ரில் கிரோன், லியான் கின்ஸ்பர்க், கார்டன் ஆப்பன்ஹைமர் என்னும் மூவரும் இதனை விவரித்து வெளியிட்டனர். அம்மூவருள் ஒருவர் பெயர் மட்டும் நோயின்மேல் நிலைத்துவிட்டது. முன்னையது மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவிப் பெருங்குடலின் உட்சவ்வைப் புண்படுத்தும். பின்னையது வாய் முதல் ஆசனவாய் வரையில் எங்கும் தோன்றலாமேனும், சிறுகுடலின் கடைப்பகுதியே அதற்குப் பெரும்பாலும் இருப்பிடம். உட்சவ்வோடு நில்லாது குடற்சுவரை முழுவதும் ஊடுருவும். ஆங்காங்கே குடலைச் சுருக்கி வழியடைக்கும். சிலர்க்குக் குடலினின்று தோல்வரைக்கும் துளையிட்டுப் புரையோடச் செய்யும். பரம்பரையும், குடலில் வாழும் நுண்ணுயிர்களும், உடலைக் காக்க வேண்டிய தற்காப்பு வன்மை உடலையே தாக்கத் தலைப்படுவதும் ஒருங்குகூடி இவற்றை விளைக்கின்றன என்பர் வல்லுநர். முற்றத் தீர்க்கும் மருந்து இதுகாறும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் பல உள.

இப்பிணிகள் முதியோரையே பற்றும் என எண்ணுதல் தவறு. பெரும்பாலும் பதினைந்து முதல் முப்பத்தைந்து வயதிற்குள்ளேயே இவை தலைகாட்டுகின்றன. அஃதாவது, இப்பத்திரிகையைக் கையிலேந்தியிருக்கும் மாணவர்களின் பருவமே அவற்றின் பருவம். பரீட்சை மண்டபத்தில் மூன்று மணிநேரம் எழாமல் உட்கார்ந்திருக்க இயலாமையும், இரவில் நான்குமுறை எழுந்தோடுவதும், காரணம் விளங்காத இளைப்பும், மலத்தோடு உதிரம் வீழ்தலும் இவற்றின் குறிகளாகும். நோயைக் கவனியாது விடின் வைத்தியர் கத்தியெடுக்க நேர்கின்றது. புண்ணழற்சி முற்றியவர்க்குப் பெருங்குடல் முழுவதையும் நீக்குவதுமுண்டு. கிரோன் பிணியாளர்க்கு ஒருமுறை அறுத்த குடலை மறுமுறையும் அறுக்க வேண்டி வருவதுமுண்டு. ஆதலின், நோய் கிளர்ந்தெழும் தறுவாயில் அதனை விரைந்து கண்டுகொள்ளுதல் அற்பக் காரியமன்று.

கண்டுகொள்வதற்கு முதல் தடை நாணமே. தலைவலியைப் பற்றி நடுவீதியில் நின்று பேசுவோம்; மலத்தைப் பற்றி வைத்தியரிடத்தும் வாய்திறக்கக் கூசுவோம். 'வயிறு சரியில்லை' என்னும் ஒரே சொற்றொடருக்குள் மலச்சிக்கல், பேதி, உதிரப்போக்கு, வாயு, வலி யாவும் ஒளிந்துகொள்ளும். இத்தடையை நீக்குவான் வேண்டி இங்கிலாந்து தேசத்துப் பிரிஸ்டல் நகரில் லூயிஸ், ஹீட்டன் என்னும் இருவர் 1997-ஆம் ஆண்டில் ஓர் அளவையை வெளியிட்டனர். மலத்தின் உருவம் ஏழுவகையாகப் பகுக்கப்பட்டு, கொட்டைபோல் இறுகியது முதலாவதாகவும், திடப்பொருள் சிறிதுமின்றி நீராய்ப் போவது ஏழாவதாகவும் அதில் வகுக்கப்பட்டன. இதனைப் படிக்குங்கால் முகஞ்சுளிப்பார் சிலர் இருக்கக்கூடும். அவர்க்கு நாம் கூறுவது, 'ஆறு' என்று ஓர் எண்ணை எழுதுவதில் நாணத்திற்கு இடமில்லை என்பதே. வாயாற் சொல்ல வேண்டியதை எண்ணாக்கியது மாத்திரத்தானே ஆயிரம் நோயாளிகளின் நாவை அவிழ்த்துவிட்டதாகும்.

இரண்டாம் தடை மறதி; அன்று, மறதியென்பதினும் நினைவின் கோணல் என்பதே பொருந்தும். 1996-ஆம் ஆண்டில் வைத்தியர் டொனால்டு ரெடல்மையரும் மனநூல் வல்லுநர் டேனியல் கானமனும் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதற்குத் தக்க சான்று. (கானமன் பின்னர் 2002-ஆம் ஆண்டில் பொருளாதாரத்திற்காக நோபல் பரிசு பெற்றவர்.) ஆசனவாய் வழியாகக் குழாய் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தை நோக்கும் பரிசோதனைக்கு உட்பட்ட 154 நோயாளிகள், அப்பரிசோதனை நிகழ்கையிலேயே நிமிஷந்தோறும் தம் வலியின் அளவைக் குறித்து வந்தனர். முடிந்தபின், 'மொத்தத்தில் எவ்வளவு வலி இருந்தது?' என்று அவர்களைக் கேட்டனர். பரிசோதனை சிலர்க்கு 4 நிமிஷத்தில் முடிந்தது. சிலர்க்கு 67 நிமிஷம் நீடித்தது. ஆயினும் அவர்கள் கூறிய விடைக்கும் கால அளவுக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை. வலி உச்சிக்கேறிய ஒரு கணமும், கடைசி மூன்று நிமிஷமுமே அவர்கள் நினைவில் தங்கியிருந்தன. இடைப்பட்டதெல்லாம் கரைந்து போயிற்று.

ஒரு மணிநேர நிகழ்ச்சியைப் பற்றி, அது முடிந்த சற்றைக்கெல்லாம் கேட்டபோதே நினைவு இவ்வாறு பிறழ்ந்ததெனின், மூன்று திங்களின் கதையை நினைவினின்று சொல்லும்போது நேர்வது யாது? நேற்று நன்றாயிருந்தவன், 'இக்காலமெல்லாம் நலமே' என்பான். முந்தினநாள் இரவு துன்புற்றவன், 'மூன்று மாதமாக உறக்கமில்லை' என்பான். இருவரும் பொய்யர் அல்லர். வைத்தியரோ, அவ்விடைகளைக் கொண்டே மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ தீர்மானிக்கின்றார்.

இதற்குப் பரிகாரமாக வைத்தியர் நெடுங்காலத்திற்கு முன்பே நாட்குறிப்பை ஏற்படுத்தினர். 1976-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வகுக்கப்பட்ட கிரோன் பிணி அளவைக்கு நோயாளி ஏழு நாள் தொடர்ந்து குறிப்பெழுத வேண்டியிருந்தது. அது பெருஞ்சுமையாகத் தோன்றவே, 1980-இல் ஹார்வி, பிராட்ஷா என்னும் இருவர் ஐந்தே கேள்விகளில் அதனைச் சுருக்கினர்: பொதுவான உடல்நலம் எப்படி? வயிற்றுவலி எவ்வளவு? நேற்று நீராய்ப் போனது எத்தனை தடவை? வயிற்றில் கட்டி தென்படுகின்றதா? மூட்டுவலி, கண்ணழற்சி முதலிய உபாதைகள் உளவா? விடைகளுக்குரிய எண்களைக் கூட்டி, ஐந்துக்குக் குறைந்தால் நோய் அடங்கியுள்ளது என்றும், பதினாறுக்கு மேற்பட்டால் கடுமையென்றும் கொள்வர். புண்ணழற்சிக்கும் 1998-இல் இத்தகைய எளிய அளவை வந்தது. அது பகலில் எத்தனை தடவை, இரவில் எத்தனை தடவை, அடக்கமுடியாத அவசரம் உண்டா, உதிரம் உண்டா என வினவும். இக்கேள்விகளில் பலவற்றிற்கு வைத்தியரின் கை தேவையில்லை என்பதை நம் மாணவர் கவனித்தல் வேண்டும். நோயாளியே தன் வீட்டில் அமர்ந்து விடையெழுதலாம். எழுதிய விடை வைத்தியரைச் சென்றடைய வழியொன்று வேண்டும், அவ்வளவே.

அவ்வழியே தொலை வைத்தியம். தொலைமருத்துவம் எனவும் வழங்குவர். கைப்பேசியோடு பிறந்த புதுமையாக இதனைக் கருதுவார் பலர். ஆயின் 1905-ஆம் ஆண்டிலேயே ஹாலந்து தேசத்து லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் என்னும் பேராசிரியர் இதனைச் செய்து காட்டிவிட்டார். இதயத்தில் எழும் மெல்லிய மின்னோட்டத்தைக் கோடாக வரையும் கருவியை அவர் அமைத்திருந்தார். அதற்காக 1924-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். அக்கருவி மிகப்பெரியது, ஆய்வுக்கூடத்தை விட்டு நகர்த்த இயலாதது. நோயாளிகளோ ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஆஸ்பத்திரியில் கிடந்தனர். கருவி நோயாளியிடம் போக மாட்டாது. நோயாளி கருவியிடம் வரமாட்டான். ஆகவே ஐந்தோவன் இடையே டெலிபோன் கம்பியை இணைத்தார். நோயாளி ஆஸ்பத்திரியிற் கிடக்க, அவனது இதயம் ஆய்வுக்கூடத்தில் கோடு வரைந்தது. இன்றைய தொலை வைத்தியத்தின் கருத்து முழுவதும் அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் கம்பியில் அடங்கியுள்ளது. வேறுபாடு ஒன்றே: அங்கே கம்பியிற் சென்றது இதயத்தின் துடிப்பு, குடற்பிணியிற் செல்வது நோயாளியின் சொல். துடிப்பு தானாகவே எழும். சொல்லை நோயாளி எழுத வேண்டும். மறுமுனையில் ஒருவர் படிக்கவும் வேண்டும். இவ்விரண்டில் எது தவறினும் கம்பி வெறுங்கம்பியே.

குடற்பிணியில் இம்முறையை முறையாகச் சோதித்தவர்களுள் டென்மார்க்கு நாட்டினர் முன்னணியில் நின்றனர். அவர்கள் அயர்லாந்து நாட்டினரையும் சேர்த்துக்கொண்டு, கடுமையல்லாத புண்ணழற்சியுடைய 333 நோயாளிகளை இருபாலாகப் பிரித்து ஓராண்டு நோக்கி, முடிவை 2010-இல் வெளியிட்டனர். ஒரு பாலார்க்கு வழக்கம்போல் ஆஸ்பத்திரிச் சிகிச்சை. மறு பாலார்க்கு நோயைப் பற்றிய பாடம் கற்பிக்கப்பட்டது. இணையத்தின் வாயிலாகக் கேள்விகளுக்கு விடையளிக்கும் முறையும் காட்டப்பட்டது. விடையைக் கணக்கிட்டவுடன் வீதிச் சந்திகளிலுள்ள விளக்கைப் போல ஒரு நிறம் தோன்றும். பச்சையாயின் நலம். மஞ்சளாயின் எச்சரிக்கை. சிவப்பாயின் நோய் கிளர்ந்துள்ளது. கிளர்ந்த காலத்தில் நோயாளி வைத்தியருடைய நாளுக்காகக் காத்திராமல், முன்னரே வகுத்துத் தந்தபடி மெஸலஸீன் என்னும் மருந்தின் அளவைத் தானே உயர்த்திக்கொள்ளலாம்.

விளைவு யாது? நோய் கிளர்ந்தெழுந்த தடவைகளின் எண்ணிக்கையில் இருபாலார்க்கும் வேறுபாடில்லை. இதனை நாம் வற்புறுத்திச் சொல்லுகின்றோம். ஏனெனில், எழுதிக்கொண்டிருப்பதனாலேயே நோய் வாராதிருக்கும் என்று யாரும் மயங்கலாகாது. ஆயின் எழுந்த கிளர்ச்சி நீடித்த காலம்? வழக்கமான சிகிச்சை பெற்றவர்க்கு நடுவளவு 77 நாள். தாமே நோக்கி வந்தவர்க்கு 18 நாள். ஐம்பத்தொன்பது நாள் என்பது ஒரு மாணவனுக்குக் கிட்டத்தட்ட ஒரு பருவத்தின் பாதி. ஒரு தொழிலாளிக்கு இரண்டு மாதக் கூலி. நோயின் கடுமையை வேறெந்த அதிசய மருந்தும் இங்கே குறைக்கவில்லை. பழைய மருந்துதான், உரிய நாளில், போதிய அளவில், இடைவிடாது உண்ணப்பட்டது. அஃதொன்றே வேறுபாடு. ஆஸ்பத்திரிக்கு வந்த தடவைகள் குறைந்தமையால் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 189 யூரோ மிச்சமாயிற்றென்றும் கணக்கிட்டனர்.

அடுத்து ஹாலந்து தேசம். மாஸ்ட்ரிக்டு நகரத்தவரின் தலைமையில் நான்கு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்த சோதனை 2017-ஆம் ஆண்டில் 'லான்செட்' பத்திரிகையில் வெளியாயிற்று. இதில் 909 நோயாளிகள். புண்ணழற்சியுடையாரும் கிரோன் பிணியாளரும், கடுமையுற்றாரும் அல்லாதாரும் வேற்றுமையின்றிச் சேர்க்கப்பட்டனர். அவருள் 465 பேர்க்குத் தொலை நோக்குமுறை அளிக்கப்பட்டது. அவர்கள் திங்கள்தோறும் சில கேள்விகளுக்கு விடையெழுதினர். நோய் எழுந்தால் வாரந்தோறும் எழுதினர். வயிற்றைப் பற்றி மாத்திரமன்று. மருந்து தவறாமல் உண்டனரா, உணவு எப்படி, புகை பிடிப்பதுண்டா, களைப்பு, மனக்கவலை, சோர்வு எவ்வளவு என்பனவும் கேட்கப்பட்டன. விடை ஓர் எல்லையைத் தாண்டினால் ஆஸ்பத்திரியிலுள்ள தாதிக்கு அறிவிப்புச் சென்றது. அவள் நோயாளியோடு பேசி, தேவையாயின் வைத்தியரிடம் அழைத்தாள்.

திருக்குறளில் மருந்தென்னும் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தின் பகுதிகளை எண்ணுங்கால், நோயாளியையும் வைத்தியனையும் மருந்தையும் கூறி நிறுத்தாமல், அருகிருந்து செய்பவனையும் நான்காமவனாக வைத்தார் என்பது நம் மாணவர் அறிந்ததே. ஹாலந்து முறையின் உயிர் அந்த நான்காமவரிடத்தே உள்ளது என்பது நமது அபிப்பிராயம். கணக்கிடும் யந்திரம் எல்லையைக் காட்டியது. ஆயின் 'என்ன செய்தி, அம்மா? நேற்று என்ன உண்டீர்கள்? மருந்தை நிறுத்தினீர்களா?' என்று கேட்டவள் தாதி.

ஓராண்டு முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றோர் சராசரி 2.34 தடவை வைத்தியரையோ தாதியையோ காண வந்திருந்தனர். தொலை நோக்குமுறையினர் 1.55 தடவையே வந்தனர். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றது முன்னவர்க்குச் சராசரி 0.10, பின்னவர்க்கு 0.05; அஃதாவது சரிபாதி. நோய்க்கிளர்ச்சி, அறுவை, அவசரச் சிகிச்சை ஆகியவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. சிகிச்சையின் தரத்தைப் பற்றி நோயாளிகள் பத்துக்குத் தந்த மதிப்பெண் 8.16-உம் 8.27-உம், ஏறக்குறைய ஒன்றே. வைத்தியர் முகத்தைக் குறைவாகக் கண்டும் அவர்கள் தம்மைக் கைவிட்டதாகக் கருதவில்லை என்பது இதன் பொருள். அன்றியும், நலமாயிருப்பவன் வெறும் நாட்காட்டியின் ஆணைக்கு அஞ்சி ஆஸ்பத்திரிக்கு வந்து காத்திருக்கும் இடத்தில், இப்பொழுது துன்புறுகின்றவன் அமரலாம். நமக்கு இதுவே அச்சோதனையின் சிறந்த பயனாகத் தோன்றுகின்றது.

எல்லாச் சோதனையும் இவ்வாறே முடிந்ததென்று கூறினால் உண்மைக்கு மாறாகும். அமெரிக்க நாட்டில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளைச் சார்ந்த 348 நோயாளிகளிடம் இதனையொத்த முறையைச் சோதித்து 2019-இல் வெளியிட்டனர். கைப்பேசியில் குறுஞ்செய்தியாகக் கேள்விகள் சென்றன. ஒரு பகுதியார்க்கு வாரந்தோறும், ஒரு பகுதியார்க்கு இருவாரத்துக்கொருமுறை. மூன்றாம் பகுதியார்க்கு வழக்கமான சிகிச்சையே. ஓராண்டின் பின்னர் மூன்று பகுதியாரும் சற்றே முன்னேறியிருந்தனர். ஆயின் குறுஞ்செய்தி பெற்றவர் மற்றவரினும் மிகுதியாக முன்னேறவில்லை. ஆஸ்பத்திரிக்கும் நோயாளிக்கும் இடையே தொலைபேசிப் பேச்சும் மின்கடிதமுமோ பெருகின.

இம்மாறுபாட்டிற்குக் காரணம் என்ன? அவை முன்னரே இக்குடற்பிணிகளில் தேர்ந்த பெரிய வைத்தியசாலைகள். அங்கே வழக்கமான சிகிச்சையே சிறந்ததாயிருந்தமையால் அதன்மேல் கூட்டுவதற்கு இடம் குறைவு என்பது ஒரு காரணமாகலாம். டென்மார்க்கில் சிவப்பு விளக்கைக் கண்ட நோயாளிக்கு உடனே செய்யத்தக்க செயலொன்று கையிலிருந்தது என்பதையும் நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அடிக்கடி கேட்பதனால் மட்டும் நோயாளி குணமடைவதில்லை. வாரந்தோறும் கேட்பது இருவாரத்துக்கொருமுறை கேட்பதினும் இருமடங்கு நன்மை தருமென்று எண்ணுவது, பரீட்சைகளை இருமடங்காக்கினால் கல்வி இருமடங்காகும் என்று எண்ணுவதை ஒக்கும்.

இனி, தொலை வைத்தியத்தின் நுண்ணிய சங்கடமொன்றிற்கு வருவோம். இதுகாறும் நோயாளியின் சொல்லையே சாட்சியாகக் கொண்டோம். ஆயின் நோயாளி உள்ளதை உள்ளவாறே உரைத்தாலும் அவனது குடல் வேறொன்று உரைக்கக்கூடும். சிறப்பாகக் கிரோன் பிணியில், வலியில்லை, பேதியில்லை என்று மகிழ்ந்திருப்பவனது குடலின் உட்புறத்தை நோக்கினால் புண்கள் நிறைந்திருப்பதுண்டு. மறுதலையாக, புண் முற்றும் ஆறிய பின்னரும் குடலின் உணர்ச்சி மிகுதியால் வலியும் பேதியும் தொடர்வதுண்டு. முதல்வனைப் பச்சை விளக்கு ஏமாற்றும். அவனது குடல் ஓசையின்றிச் சுருங்கிக்கொண்டே போகும். இரண்டாமவனைச் சிவப்பு விளக்கு ஏமாற்றும். வேண்டாத வன்மருந்துகளை அவன் உண்ண நேரிடும்.

இச்சங்கடத்தை நீக்க உதவுவது கால்ப்ரொடெக்டின் என்னும் புரதம். உடலைக் காக்கும் வெள்ளணுக்களுள் ஒருவகைக்குள் இது மிகுதியாக உள்ளது. குடலில் அழற்சி உண்டானால் அவ்வணுக்கள் அங்கே திரண்டு, குடற்சுவரைக் கடந்து மலத்தோடு கலக்கின்றன. ஆகவே மலத்தில் இப்புரதத்தை அளந்தால் குடலுக்குள் தீ எரிகின்றதா என்பதைக் குழாய் செலுத்தாமலே ஓரளவு அறியலாம். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் அழற்சியில்லை என்றும், 250-ஐத் தாண்டினால் அழற்சி நடைபெறுவதாகவும் பெரும்பாலும் கொள்வர்; இடைப்பட்டது ஐயத்துக்குரியது. இப்புரதம் விரைவில் கெடாதாகையால் நோயாளி சிறு குப்பியில் இட்டு அனுப்பலாம். வீட்டிலேயே சோதித்து, கைப்பேசியின் படக்கருவியால் முடிவைப் படித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சாதனங்களும் வந்துவிட்டன. ஐந்தோவன் நாளில் இதயம் கம்பிவழிப் பேசியது போல, இன்று குடலும் தன் வாயாற் பேசத் தொடங்கியுள்ளது எனலாம்.

அதன் பேச்சைக் கேட்பதனால் பயனுண்டா? 22 நாடுகளில் 244 கிரோன் பிணியாளரிடம் நிகழ்த்தப்பட்டு 2017-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான சோதனையொன்று இதற்கு விடை கூறுகின்றது. ஒரு பகுதியார்க்கு நோய்க்குறிகளை நோக்கியே மருந்து உயர்த்தப்பட்டது. மற்றப் பகுதியார்க்கு நோய்க்குறியோடு கால்ப்ரொடெக்டினையும் உதிரத்திலுள்ள அழற்சிக் குறியையும் அளந்து, இவற்றுள் எது எல்லை கடந்தாலும் மருந்து உயர்த்தப்பட்டது. 48 வாரத்தின் பின்னர்க் குடலை நோக்கியபோது, முன்னவருள் நூற்றுக்கு 30 பேர்க்கும், பின்னவருள் நூற்றுக்கு 46 பேர்க்கும் புண் ஆறியிருந்தது. ஆகவே, நாட்குறிப்பு மட்டும் போதாது, குப்பியும் வேண்டும். குப்பி மட்டும் போதுமோ எனின், அதுவும் போதாது. களைப்பும் கவலையும் இரவில் எழும் அவசரமும் எந்தக் குப்பியிலும் அடங்குவனவல்ல. நோயாளிக்கு நோய் என்பதே அவைதாம்.

தொலைவிலிருந்து செய்யத்தகாதன சிலவற்றையும் சொல்லிவிடுதல் கடன். ஹார்வியும் பிராட்ஷாவும் கேட்ட நான்காம் கேள்வியை நினைவுகூர்க: வயிற்றில் கட்டி தென்படுகின்றதா? அதனை நோயாளி தானே அறிதல் அரிது. பழகிய கை வயிற்றின்மேல் படவேண்டும். 1955-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரத்து வைத்தியர் டுரூலவும் விட்ஸும் கடும் புண்ணழற்சிக்கு இலக்கணம் வகுத்தனர். நாளொன்றுக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ உதிரத்தோடு கழிதல். அதனோடு காய்ச்சல், நாடி நிமிஷத்துக்குத் தொண்ணூறுக்கு மேல் துடித்தல், உதிரக்குறைவு முதலியவை சேர்தல். எழுபது ஆண்டுக்குப் பின்னும் வைத்தியர் இவ்விலக்கணத்தைக் கைவிடவில்லை. இந்நிலையை அடைந்தவன் கைப்பேசியில் விடையெழுதிக் கொண்டிராமல் அன்றே ஆஸ்பத்திரியை அடைதல் வேண்டும். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றும் பிரியாமல் துன்புறுவோனும் அவ்வாறே; குடல் அடைபட்டிருக்கக்கூடும்.

நம் நாட்டிற்குச் சிறப்பாக உரியதொரு எச்சரிக்கையும் உண்டு. சிறுகுடலின் கடைப்பகுதியைப் பற்றும் க்ஷயரோகம் இந்தியாவில் அருமையன்று. அதுவும் கிரோன் பிணியும் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒத்த தோற்றமுடையன: அதே வலி, அதே மெலிவு, அதே காய்ச்சல், குடலின் அதே இடத்தில் புண். தேர்ந்த வைத்தியரும், குடலினின்று சிறு துண்டெடுத்து நுண்ணோக்கியில் கண்ட பின்னரும், சிற்சில வேளை ஐயுறுவர். ஆயின் சிகிச்சையோ நேர்மாறு. கிரோன் பிணிக்குத் தரும் மருந்துகள் உடலின் தற்காப்பை அடக்குவன. க்ஷயரோகிக்கு அவற்றைத் தந்தால் அந்நோய் காட்டுத்தீப்போலப் பரவும். இரண்டையும் பகுத்தறியும் வல்லமை எந்தக் கேள்வித்தாளுக்கும் இல்லை. கால்ப்ரொடெக்டினும் இரண்டிலும் உயரக்கூடும். ஆதலின் நோய் இன்னதென்று நேரில் நிச்சயித்த பின்னரே தொலை நோக்குமுறை தொடங்க வேண்டும்.

இந்திய நாட்டில் 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் தொலை வைத்தியத்திற்குரிய நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. கொரோனாத் தொற்றினால் ஊரெல்லாம் அடைபட்ட அந்நாளில் அவை வந்தது பொருத்தமே. பதிவுபெற்ற வைத்தியர் படத்தோடு கூடிய பேச்சாலும், குரலாலும், எழுத்தாலும் ஆலோசனை கூறலாம் என அவை இசைவளித்தன. முதன்முறை காண்பவனுக்கும் முன்னரே நேரில் கண்டு தொடர்ந்து வருபவனுக்கும் வேறுபாடு வைத்து, எழுதித்தரத்தக்க மருந்துகளையும் வகுத்தன. ஆயின் சட்டத்தால் அகற்ற முடியாத தடைகள் சில உள. நம் வீடுகள் பலவற்றில் ஒரே கைப்பேசியைத் தந்தையும் தமையனும் தங்கையும் மாறிமாறிக் கையாளுகின்றனர். 'நேற்று உதிரம் கண்டதா? அடக்கமுடியாமல் ஆடை நனைந்ததா?' என்னும் கேள்வி அதில் வந்து நிற்குமாயின், மணப்பருவத்துப் பெண்ணொருத்தி மெய்யான விடையை எழுதுவாளா? எழுதத் துணியாளெனின் விளக்கு என்றும் பச்சையாகவே இருக்கும். இதனை ஏற்படுத்தப் புகுவோர், எழுத்தறியாதார்க்குக் குரலால் கேட்கும் வழியையும், பிறர் திறந்து பார்க்கவியலாத காப்பையும், கூசுவோர்க்குப் பெண்தாதியோடு தனித்துப் பேசும் வசதியையும் முதலிலேயே சிந்தித்தல் நலம்.

கைப்பேசி இல்லாதவரும் இம்முறையின் ஒரு கூற்றை இன்றே கையாளலாம். காலணா நோட்டுப்புத்தகம் என்று நம் முன்னோர் வழங்கிய ஒன்று போதும். நாள், பகலில் எத்தனை தடவை, இரவில் எத்தனை, பிரிஸ்டல் அளவையில் எந்த எண், உதிரம் உண்டா இல்லையா, வலி எவ்வளவு, மருந்து உண்டதா தவறியதா, எடை. ஒரு வரியில் அடங்கிவிடும். நலமாயிருக்கும் நாட்களிலும் வாரமொரு வரியேனும் எழுதுதல் வேண்டும். நலமான நாளின் கணக்கு இல்லாவிடின், நோய் எழுந்த நாளில் எவ்வளவு உயர்ந்தது என்பதை எதனோடு ஒப்பிடுவது? அடுத்தமுறை வைத்தியர் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்கும்போது, விடை கூறுமுன் அப்புத்தகத்தை அவர் மேசைமேல் விரித்து வைக்கலாம்.